இரண்டு டெஸ்ட் ஆடியவர்களின் பள்ளிக்கூடம்

(மயிலாப்பூரில் நடந்த விளையாட்டுச் சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆட்டக்காரர் ஒருவர் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பயிற்சியாளர் ஆவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எந்த ஆட்டம், எந்த ஆள் என்று என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். வேகப்பந்து வீச்சாளர்களை எடுத்துக்கொண்டேன். உடம்பையே முதலாகப் போட்டுப் பிழைக்கிறவர்கள் அவர்கள். அந்த முதல் முப்பது, முப்பத்தைந்து வயதுக்குள் கரைந்துவிடும். அதற்குப் பிறகு என்ன என்ற கேள்வி அவர்களுக்கு வருகிற வேகத்தில் மற்ற ஆட்டக்காரர்களுக்கு வருவதில்லை.

முதலில் ஒரு புதிரைச் சொல்லிவிடுகிறேன். சென்னை சுழற்பந்து ஊர். வெங்கட்ராகவன், வி.வி. குமார், வாசுதேவன், சிவராமகிருஷ்ணன் என்று ஒரு வரிசை. அதன் உச்சியில், மேற்கு மாம்பலம் ராமகிருஷ்ணபுரத்துத் தெருவில் பந்து போட்டு வளர்ந்து 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த அஷ்வின். ஆனால் இந்தியாவுக்கு வேகப்பந்து சொல்லிக்கொடுத்த ஊர் எது என்று கேட்டால், அதற்கும் சென்னைதான் பதில். சொல்லிக்கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் இன்னும் விந்தை. டி.ஏ. சேகர் ஆடியது இரண்டு டெஸ்ட். பரத் அருண் ஆடியதும் இரண்டு டெஸ்ட். லட்சுமிபதி பாலாஜி எட்டு. மூவரையும் கூட்டினால் பன்னிரண்டு டெஸ்ட். கபில்தேவ் ஒருவரே 131 ஆடினார். இருந்தும் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் இவர்கள். இது எப்படி நடந்தது?

சென்னையில் வேகப்பந்து ஏன் வளரவில்லை என்பதை இங்கே உள்ளவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி வெயிலில் சோமசுந்தரம் மைதானத்திலோ விவேகானந்தா கல்லூரி மைதானத்திலோ ஆறு ஓவர் ஓடிப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சட்டை பிழிந்தால் ஒரு சொம்பு வேர்வை. கீழ் டிவிஷன் லீக் ஆட்டங்கள் நெடுங்காலம் மேட்டிங்கில் நடந்தன. மேட்டிங்கில் சுழற்பந்து நன்றாகத் திரும்பும், எகிறும். நாலு அடி வைத்து வந்து விக்கெட் எடுக்க முடிகிறபோது, இருபது அடி ஓடி இடுப்பை ஒடித்துக்கொள்ள யாருக்குத் தோன்றும்? விதிவிலக்குகள் இருந்தன. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தைப் போட்ட எம்.ஜே. கோபாலன் இந்த ஊர்க்காரர். போலீஸ் வேலையில் இருந்துகொண்டே நாலு டெஸ்ட் ஆடி, 1948-ல் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஒரே இன்னிங்சில் ஐந்து விக்கெட் எடுத்த சி.ஆர். ரங்காச்சாரியும் இந்த ஊர்க்காரர். ஆனால் ஆள் இருந்தார்களே தவிர, வழி இல்லை. ஒவ்வொருவரும் தானாக முளைத்து, தானாக ஓய்ந்தார்கள்.

1987-ல் எம்.ஆர்.எஃப். நிறுவனம் சேத்துப்பட்டில், மதராஸ் கிறித்தவக் கல்லூரி மேல்நிலைப் பள்ளி மைதானத்தில், வேகப்பந்து வீச்சுக்கென்றே ஒரு பயிற்சி மையம் தொடங்கியது. அந்த வழி அப்போதுதான் பிறந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து டென்னிஸ் லில்லி வந்தார். அவருக்குத் துணையாக, ஆண்டு முழுக்க இங்கேயே இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள டி.ஏ. சேகர் அமர்ந்தார்.

லில்லியைப் பற்றி ஒரு செய்தி முக்கியம். அவர் 70 டெஸ்டில் 355 விக்கெட் எடுத்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். 1973-ல் மேற்கிந்தியத் தீவுகளில் அவருடைய கீழ் முதுகு போய்விட்டது. முதுகெலும்பில் அழுத்தத்தால் விழும் விரிசல்கள், ஒன்றல்ல, சில இடங்களில். மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஆனவர் மறுபடி வேகமாகப் போட்டது அரிது. லில்லி, மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறையைச் சேர்ந்த ஃபிராங்க் பைக் என்பவரிடம் போய், தசை தசையாக உடம்பைத் திரும்பக் கட்டினார், பந்து வீசும் முறையையும் சீர்செய்தார். 1974-75 ஆஷஸ் தொடரில் தாம்சனோடு சேர்ந்து இங்கிலாந்தை நொறுக்கி 25 விக்கெட் எடுத்தார். சேத்துப்பட்டுக்கு வந்தது அந்த லில்லி. தன் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு முறை பிரித்துப் பார்த்துத் திரும்ப மாட்டியவர்.

சேகரின் கதை வேறு. தமிழ்நாட்டுக்காக ஆடியவர். இந்தியாவில் அன்று இருந்த மிக வேகமான பந்து வீச்சாளர்களில் ஒருவர். 1983 தொடக்கத்தில் பாகிஸ்தான் சுற்றுப்பயணத்தில் இரண்டு டெஸ்டில் இறக்கினார்கள். அங்கே இருந்த ஆடுகளங்களில், ஜாகீர் அப்பாசும் மியான்தாதும் முதாசர் நாசரும் வெளுத்துக் கட்டிய அந்தத் தொடரில், ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை. அதோடு டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. அந்த நாளில் ஒரு ஆள் விழுந்தால், ஏன் விழுந்தான் என்று பார்த்துச் சரிசெய்ய யாரும் கிடையாது. அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். சேகர் அடுத்த இருபது ஆண்டுகள் பார்த்த வேலை, தனக்கு யாரும் செய்யாததை மற்றவர்களுக்குச் செய்வது.

அந்த மைதானத்தில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் பயிற்சி என்பதைப் பலர் பக்கத்தில் நின்று "லைன் பார், லெங்த் பார்" என்று கத்துவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பந்து வீச்சாளர் ஓடி வந்து எம்பி, பின்னங்காலை ஊன்றுகிறார் இல்லையா, அந்தப் பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கிரீஸ் கோட்டோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பார்த்தால் அவர் சைட்-ஆன். பாதம் நேரே பேட்ஸ்மேனைப் பார்த்தால் ஃப்ரண்ட்-ஆன். இரண்டும் நல்ல முறைகளே. இரண்டிலும் பெரிய ஆட்கள் உண்டு. ஆபத்து மூன்றாவது வகையில்: பாதமும் இடுப்பும் ஒரு பக்கம் பார்க்க, தோள் வேறு பக்கம் பார்க்கும். அப்போது பந்தை விடுவதற்குள் தோளைத் திருகித்தான் கொண்டுவர வேண்டும். முன்னங்கால் தரையில் இறங்கும் அந்தக் கணத்தில் உடல் எடையைப்போல் பல மடங்கு பாரம் கால் வழியாக முதுகுக்கு ஏறுகிறது. அதே கணத்தில் முதுகு திருகி, பக்கவாட்டில் வளைந்து, பின்னால் மடங்கியும் இருக்கிறது. கீழ் முதுகின் நாலாவது, ஐந்தாவது எலும்புகள்தான் அந்தப் பாரத்தை வாங்குகின்றன. வலது கைக்காரருக்குப் பெரும்பாலும் இடது பக்கத்தில் விரிசல் விழும். ஒரு பந்தில் விழாது. ஆயிரக்கணக்கான பந்துகளில், மெல்ல மெல்ல.

இதை வெறுங்கண்ணால் பிடிப்பது கடினம். வீடியோவில் எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு திருத்துவது அதைவிடக் கடினம். பதினெட்டு வயதுப் பையன், அதே முறையில் போட்டு மாவட்டம், மாநிலம் எல்லாம் ஜெயித்து வந்திருக்கிறான். அவனிடம் போய் "காலை இப்படி வை" என்றால், முதல் மாதத்தில் வேகம் குறையும், பந்து எங்கெங்கோ போகும். அந்த ஒரு மாதம் அவன் நம்பிக்கை இழக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பயிற்சியாளரின் வேலையில் பாதி. ஸ்ரீநாத், ஜாகீர் கான், முனாஃப் படேல், ஸ்ரீசாந்த் எல்லோரும் சேத்துப்பட்டு மைதானத்தில் ஓடியவர்கள். இலங்கையின் சமிந்த வாஸ் வந்தார். ஆஸ்திரேலியாவின் பிரெட் லீயும் வந்தார். 1987-ல் வேகப்பந்து போட வேண்டும் என்ற ஆசையோடு பம்பாயிலிருந்து வந்த ஒரு சிறுவனை, நீ பேட்டிங்கைக் கவனி என்று அனுப்பிவைத்தார் லில்லி. அந்தச் சிறுவன் சச்சின் டெண்டுல்கர். எவனைத் திருத்துவது, எவனைத் திருப்பி அனுப்புவது என்று தெரிவதும் பயிற்சியில் அடக்கம்.

பாலாஜிக்கு வருகிறேன். இவரைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் ஆட்டத்திலிருந்து பயிற்சிக்குப் போகிற பாதை இவரிடத்தில்தான் வரிசையாகத் தெரிகிறது.

சென்னைப் பையன், பிறந்தது 1981. 2002-ல் முதல் ஒருநாள் ஆட்டம், நன்றாக அடி வாங்கினார், வெளியே போனார். 2003-ல் நியூசிலாந்துக்கு எதிராக அகமதாபாத்தில் முதல் டெஸ்ட். 2004-ல் பாகிஸ்தான் சுற்றுப்பயணம். இந்தியா அந்த மண்ணில் முதல் முறையாக டெஸ்ட் தொடரை வென்ற பயணம் அது. கடைசி டெஸ்டில், ராவல்பிண்டியில், பாலாஜி ஏழு விக்கெட். ஷோயப் அக்தரின் பந்தைத் தூக்கி அடித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பை எதிரணி ரசிகர்களே கொண்டாடினார்கள். ஒரு இந்திப் பாட்டில் அவர் பெயரைச் செருகிக் கூட்டமாகப் பாடினார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் பாகிஸ்தான் இங்கே வந்தபோது, மொகாலி டெஸ்டில் ஒன்பது விக்கெட். அந்தத் தொடரின் மூன்று டெஸ்டிலும் ஆடினார். அப்போது அவருக்கு வயது 23. அதற்குப் பிறகு ஒரு டெஸ்ட்கூட அவர் ஆடவில்லை.

காரணம் லில்லிக்கு விழுந்த அதே அழுத்த விரிசல். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பெரிய ஆட்டங்களிலிருந்து அவர் பெயர் காணாமல் போனது. இந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஸ்கோர்கார்டு இல்லாத ஆண்டுகள் அவை. ஆனால் பாலாஜி பயிற்சியாளர் ஆனது அந்த ஆண்டுகளில்தான் என்பது என் எண்ணம். அவர் திரும்பி வந்தபோது வேறு பந்து வீச்சாளராக வந்தார். பந்து வீசும் முறையே மாறியிருந்தது. வேகம் குறைந்திருந்தது. அந்தக் குறையை ஈடுகட்ட மெதுவான பந்து, கட்டர், ஆடுகளத்தின் எந்தப் பகுதியில் குத்தினால் எந்த பேட்ஸ்மேன் தடுமாறுவான் என்ற கணக்கு எல்லாம் கைக்கு வந்திருந்தன. முதல் ஐ.பி.எல். 2008-ல். மே 10 அன்று சேப்பாக்கத்தில் பஞ்சாப் அணிக்கு எதிராக இர்ஃபான் பதான், பியூஷ் சாவ்லா, வி.ஆர்.வி. சிங் மூவரையும் அடுத்தடுத்த பந்துகளில் அனுப்பினார். ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக் அது. அன்று மொத்தம் 24 ரன்னுக்கு ஐந்து விக்கெட். 2012-ல் கோப்பை வென்ற கொல்கத்தா அணியில் இருந்தார். அதே ஆண்டு இலங்கையில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பைக்கும் இந்திய அணியில் கூப்பிட்டார்கள். தமிழ்நாட்டின் கேப்டனாகவும் இருந்தார். 2016-ல் முதல் தர ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கணக்கு: 106 ஆட்டம், 330 விக்கெட்.

ஓய்வுக்கும் பயிற்சிக்கும் இடையே அவருக்கு இடைவெளியே இல்லை. தமிழ்நாட்டு அணியின் பந்து வீச்சுப் பயிற்சி, 2017-ல் கொல்கத்தா, 2018-லிருந்து சென்னை சூப்பர் கிங்ஸ். அந்தப் பொறுப்பில் அவர் இருந்த காலத்தில் சென்னை இரண்டு கோப்பை வென்றது, 2018-லும் 2021-லும். அந்த அணி எப்படிப்பட்டது என்று நினைவிருக்கும். மணிக்கு 150 கிலோமீட்டர் போடுகிற ஆளை நம்பிய அணி அல்ல. தீபக் சாகர் புதுப்பந்தை இரண்டு பக்கமும் அசைப்பார். ஷர்துல் அடி வாங்கினாலும் விக்கெட் எடுப்பார். பிராவோ வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஏமாற்றுவார். வேகம் இல்லாமல் வேகப்பந்து வீச்சாளராகப் பிழைப்பது எப்படி என்பதை இரண்டாம் வாழ்க்கையில் கற்றுக்கொண்ட ஒருவர், அப்படிப்பட்ட வீச்சாளர்களுக்குப் பயிற்சியாளராக அமைந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்து பரத் அருண். 1986-87-ல் இலங்கைக்கு எதிராக இரண்டு டெஸ்ட், நாலு விக்கெட். நாலு ஒருநாள் ஆட்டங்கள். 1987-88-ல் வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்தில் ரயில்வே அணியை வென்று ரஞ்சிக் கோப்பையைத் தூக்கிய தமிழ்நாட்டு அணியில் இருந்தார். அதற்கப்புறம் தமிழ்நாடு அந்தக் கோப்பையைத் தொடவே இல்லை என்பது நமக்குள் இருக்கட்டும். இந்திய அணியின் கதவு அருணுக்கு இருபத்து நாலு வயதிலேயே சாத்திக்கொண்டது.

பாலாஜியைப்போல் ஓய்வு பெற்ற மறுநாளே பெரிய அணி அவரைக் கூப்பிடவில்லை. அவர் காலத்தில் அப்படிப்பட்ட வேலைகளே இல்லை. படிப்படியாக ஏறினார். மாநில அணிகள், பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமி, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணி. 2012-ல் அந்தச் சிறுவர் அணி ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை வென்றபோது பயிற்சியாளர் அவர். 2014-ல்தான் இந்திய அணியின் பந்து வீச்சுப் பயிற்சிக்கு வந்தார். அப்போதும் முணுமுணுப்பு இருந்தது: இரண்டு டெஸ்ட் ஆடியவர், அணியின் பொறுப்பில் இருந்த ரவி சாஸ்திரியின் இளவயதுத் தோழர், அதனால்தான் வந்தார் என்று. 2016-ல் வெளியே போய், 2017-ல் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு நடந்தது முணுமுணுப்புக்குப் பதில்.

பும்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் அவர் வீச்சு முறையில் திருத்துவதற்கு ஏராளம் இருக்கிறது. நேராக நீளும் கை, குறுகிய ஓட்டம், உடம்பு வளையும் விதம். திருத்த ஆசைப்படாத பயிற்சியாளர் அபூர்வம். அருண் அதைத் தொடவில்லை. அந்த முறை பேட்ஸ்மேனுக்குக் கொடுக்கும் குழப்பமே அவருடைய செல்வம் என்று விட்டுவிட்டு, அதைத் தாங்குகிற அளவுக்கு உடம்பை வலுப்படுத்துவதில் கவனம் வைத்தார். ஒருநாள் ஆட்டத்துக்கு மட்டும்தான் லாயக்கு என்று பேசப்பட்ட பும்ரா, 2018-ல் டெஸ்டுக்கு வந்து தென்னாப்பிரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மூன்று நாட்டிலும் ஒரே ஆண்டில் ஓர் இன்னிங்சில் ஐந்து விக்கெட்டுக்குக் குறையாமல் எடுத்தார். அந்த ஆண்டில் 9 டெஸ்டில் 48 விக்கெட். பின்னால் அவருக்கும் முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். எந்தப் பயிற்சியாளரும் எலும்புக்கு உத்தரவாதம் தர முடியாது. ஆபத்தைத் தெரிந்து ஏற்பதற்கும் தெரியாமல் விழுவதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் தர முடியும்.

2020-21 ஆஸ்திரேலியா பயணத்துக்குப் பல மாதம் முன்பே, சாஸ்திரி தொலைபேசியில் கூப்பிட்டு, ஸ்மித்தும் லபுஷேனும் ஆஃப் பக்கம் ரன் எடுக்கும் வழியை அடைக்க வேண்டும் என்று பேசியதை அருணே பின்னால் செய்தியாளர்களிடம் சொல்லியிருக்கிறார். யோசனை சொல்வது எளிது. ஸ்டம்பை நோக்கியே போட்டுக்கொண்டிருந்தால், பிசகும் ஒவ்வொரு பந்தும் கால் பக்கம் நாலு ரன். அந்த அளவுக்குத் துல்லியம் வர வேண்டும். மெல்போர்ன் டெஸ்டின் முதல் நாளில், கால் பக்கம் ஸ்லிப்பில் நின்ற புஜாராவின் கையில் ஸ்மித் பூஜ்யத்தில் மாட்டினார், பந்து போட்டவர் அஷ்வின். அன்றே, முதல் டெஸ்ட் ஆடிய சிராஜின் பந்தில் லபுஷேன், கால் பக்கம் நின்ற இன்னொரு புதுமுகம் கில்லிடம் கேட்ச் கொடுத்தார்.

அந்த சிராஜும் அருண் ஏற்கெனவே ஹைதராபாத் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது அருகிலிருந்து பார்த்த பையன், ஆட்டோ ஓட்டுநரின் மகன். அதே பயணத்தின் கடைசி டெஸ்டுக்குள் பும்ரா, ஷமி, உமேஷ், அஷ்வின், ஜடேஜா எல்லோரும் காயத்தில் விழுந்துவிட்டார்கள். பிரிஸ்பேனில் இறங்கிய ஐந்து பந்து வீச்சாளர்களும் சேர்ந்து அதற்கு முன் ஆடியிருந்தது நாலே டெஸ்ட். அவர்கள் ஆஸ்திரேலியாவின் இருபது விக்கெட்டையும் எடுத்தார்கள், இரண்டாம் இன்னிங்சில் சிராஜ் மட்டும் ஐந்து. 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத மைதானத்தில் 328 ரன்னைத் துரத்தி இந்தியா வென்றது. பயிற்சியாளரை எடை போட நல்ல இடம் இதுதான். முதல் வரிசை ஆடும்போது அல்ல, நாலாவது வரிசை இறங்கும்போது.

அந்த ஐவரில் ஒருவர் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். மாணவன் பக்கத்திலிருந்து இதே கதையைப் பார்க்க அவர் உதவுவார். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி ஆட்டம், அதிலேயே அவர் வீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று நடுவர்கள் புகார் எழுதினார்கள். கிராமத்தில் டென்னிஸ் பந்தில் வளர்ந்து, சென்னை லீக்கில் இடம் பிடித்து, அப்போதுதான் மேலே வந்த பையனுக்கு அது மரண அடி. தமிழ்நாட்டின் முன்னாள் ஆட்டக்காரர்கள் சிலர் பயிற்சியாளர்களாக அவரோடு உட்கார்ந்து, கையை விடும் விதத்தை அடியிலிருந்து மாற்றினார்கள். அடுத்த ஆண்டு தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) முதல் பருவத்தில், ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்தும் யார்க்கராகப் போட்டு ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தார். இன்று சின்னப்பம்பட்டியில் அவரே ஒரு மைதானம் கட்டி, ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்.

இப்போது புதிருக்கு என் விடையைச் சொல்கிறேன். மயிலாப்பூர் சபையில் இதைச் சொன்னால் உடனே புரியும். கச்சேரியில் கொடிகட்டிப் பறந்த வித்வான்கள் எல்லோரும் சிஷ்யர்களை உருவாக்கினார்களா? சிலர் உருவாக்கினார்கள். பலரிடம் பாட்டு சுரந்ததே தவிர, அது எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. சங்கதியை மூன்றாகப் பிரித்து, இங்கே மூச்சு வாங்கு, இங்கே அழுத்து என்று சொல்லத் தெரிந்தவர் பெரும்பாலும் அதை ஒருநாள் பாடமுடியாமல் திணறி, தானே பிரித்துப் பார்த்தவர்.

அதற்காக, தோற்றவர்தான் நல்ல பயிற்சியாளர் ஆவார் என்று நான் சொல்ல வரவில்லை. அது ஆறுதல் பேச்சு. தோற்றுப்போன ஆயிரம் பேர் இந்த நகரத்தில் இருக்கிறார்கள், எல்லோரும் குரு ஆகிவிடவில்லை. லில்லி தோற்றவரும் அல்ல, உலகத்தின் தலைசிறந்தவர். லில்லிக்கும் பாலாஜிக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். தானாக வந்த திறமை ஒருநாள் நின்றுபோய், அதை அறிவால் திரும்பக் கட்ட வேண்டிய நிலை. சேகருக்கும் அருணுக்கும் உடம்பு அல்ல, வாய்ப்பு நின்றது. அவர்கள் பிறருடைய உடம்புகளைப் பல ஆண்டு கவனித்து அந்த அறிவைச் சேர்த்தார்கள். இரண்டு வழியிலும் நடப்பது இரண்டாவது படிப்பு. முதல் படிப்பில் கை கற்கிறது, இரண்டாவதில் தலை கற்கிறது. இரண்டாவதைப் படிக்காத ஆட்டக்காரர், எத்தனை டெஸ்ட் ஆடியிருந்தாலும், "நான் போட்டதுபோல் போடு" என்பதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது.

வயிற்றுப்பாட்டையும் பேசியாக வேண்டும். அந்தக் காலத்தில் சென்னை ஆட்டக்காரருக்கு ஸ்டேட் பாங்கோ, இந்தியா சிமெண்ட்ஸோ, இந்தியா பிஸ்டன்ஸோ வேலை கொடுத்தது. காலையில் லீக் ஆட்டம், மறுநாள் ஆபீஸ். முப்பத்தைந்து வயதில் ஆட்டம் நின்றாலும் ஐம்பத்தெட்டு வரை சம்பளம் வரும், பிறகு பென்ஷன். பயிற்சி என்பது மாலையில் விருப்பத்துக்குச் செய்கிற காரியம். இன்றைய ஆட்டக்காரர் ஒப்பந்தத்தில் வாழ்கிறார். ஒப்பந்தம் முடிந்தால் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. 2008-ல் ஐ.பி.எல்., 2016-ல் டி.என்.பி.எல். வந்த பிறகு பயிற்சியாளருக்கும் சந்தை பிறந்தது, அது நல்லது. கெட்டது என்னவென்றால், அந்த இடத்துக்கு வேண்டியது பிரபலமான பெயர் என்ற எண்ணமும் கூடவே பிறந்தது. பயிற்சியாளர் தேர்வுகளை முடித்து, பதினாலு வயதுப் பிள்ளைகளோடு பத்து ஆண்டு வெயிலில் நின்றவருக்குப் பெயர் இருக்காது. பரத் அருண் ஏறிய படிகள் அவைதான் என்பதை நிர்வாகிகள் மறக்கக் கூடாது.

கடைசியாக, பெற்றோருக்கு. டி. நகரிலும் அடையாறிலும் மயிலாப்பூரிலும் இன்று தடுக்கி விழுந்தால் கிரிக்கெட் அகாடமி. வாசலில் ஒரு பெரிய ஆட்டக்காரரின் படம். பணம் கட்டுவதற்கு முன் அந்தப் படத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே போய் மூன்று கேள்வி கேளுங்கள். என் பையன் இந்த வாரம் எத்தனை ஓவர் போட்டான், அது எங்காவது எழுதியிருக்கிறதா? அவன் பின்னங்கால் எந்தப் பக்கம் பார்க்கிறது, அதை வீடியோ எடுத்திருக்கிறீர்களா? முதுகு வலிக்கிறது என்று அவன் சொன்னால் என்ன செய்வீர்கள்? இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நெடுநாள் கடைப்பிடித்த வழிமுறையில், பதிமூன்று வயது வரை வேகப்பந்து போடும் பிள்ளைக்கு ஒரு ஸ்பெல்லுக்கு ஐந்து ஓவர், நாளுக்குப் பத்து ஓவர், அதற்கு மேல் கூடாது. பதினாலு, பதினைந்து வயதில் ஆறும் பன்னிரண்டும். நம் ஊரில் காலையில் பள்ளி ஆட்டம், மாலையில் அகாடமி நெட்ஸ், ஞாயிறு லீக். மூன்று இடத்திலும் மூன்று பேர், யாருக்கும் மற்றவர் கணக்குத் தெரியாது. வளர்கிற எலும்புக்கு இந்த மூன்று பேரும் ஒருவரேதான்.

கடைசி வரிசையில் கிரிக்கெட் பையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டு வாங்கி, போடுகிற ஓவரை நீங்களே எழுதி வையுங்கள். எங்கே வலித்தது, எந்தப் பந்து சரியாக விழுந்தது, ஏன் விழுந்தது என்றும் எழுதுங்கள். இந்தியாவுக்கு ஆடினால் நல்லது. ஆடாவிட்டாலும், இருபது ஆண்டு கழித்து இன்னொரு பிள்ளையின் முதுகைக் காப்பாற்றுகிற ஆளாக நீங்கள் ஆவதற்கு அந்த நோட்டில் எழுதியதே முதல் படிப்பாக இருக்கும். இந்த ஊருக்கு விக்கெட் எடுக்கிறவர்கள் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு வேண்டும் அப்படிப்பட்டவர்களும்.